'லைவ் அட் லீட்ஸ்' ரெக்கார்டில் டிக் டிக் சத்தம்: திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: பழைய ரெக்கார்டு விற்கும் ஒருவரிடம் தி ஹூ என்ற ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' எல்பி வாங்கினேன், டிராக் கம்பெனியின் 1970 பிரிட்டிஷ் பதிப்பு. 'விஜி ப்ளஸ்' (வெரி குட் ப்ளஸ், அதாவது லேசாகத்தான் தேய்ந்தது) கண்டிஷன் என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டில் போட்டால் அங்கங்கே டிக் டிக் என்று சத்தம். கேட்டால், "அந்த ரெக்கார்டே அப்படித்தான் சார், லேபிளைப் படிங்க" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. கரகர சத்தம் இருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று லேபிளிலேயே கையெழுத்துப் பாணியில் போட்டிருக்கிறார்கள். 1970 பிப்ரவரி 14 இரவு, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்தபோதே டேப்பில் ஏறிவிட்ட சத்தம் அது. எந்தப் பிரதியில் கேட்டாலும் அதே இடத்தில் வரும்.

மீதிப் பாதியை நீங்களே சோதித்துவிடலாம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஒரே சத்தம் அந்த இடைவெளியில் தாளம் தவறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல். டேப் சத்தம் அப்படி வராது. ஒழுங்கில்லாமல் பொரிகிற சத்தம் தூசியாகவும் இருக்கலாம், முதலில் ரெக்கார்டை நன்றாகக் கழுவிப் பாருங்கள். அதன் பிறகும் கீறல் சத்தம் பாட்டுக்குப் பாட்டு தொடர்ந்தால் அது விஜி ப்ளஸ் ஆகாது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்கும் திருட்டு ரெக்கார்டு போலத் தெரியட்டும் என்றே பழுப்பு அட்டையில் முத்திரை குத்தியது போல அந்த உறையைச் செய்தார்கள். ஒரு பக்கப் பையில் ரெக்கார்டு, மறுபக்கத்தில் பழைய கடிதம், ஒப்பந்தம், போஸ்டர் என்று 12 நகல்கள். அவை இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுக்கக் கூடாது. விற்பவர்கள் பெரும்பாலும் தாமாக இதைச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: சிடியில் வாங்குவதானால் எந்தப் பதிப்பு?

பதில்: 2001-இல் வந்த இரண்டு டிஸ்க் பதிப்பு. எல்பியில் இருப்பவை 6 பாடல்கள்தான். 1995 சிடியில் 14 ஆனது, டிக் டிக் சத்தத்தையும் பெரும்பாலும் துடைத்துவிட்டார்கள். ஆனால் அன்றிரவு வாசித்த 'டாமி' (கதையாகக் கோத்த பாடல்களால் ஆன அவர்களுடைய ராக் ஆபரா) முழுவதும் கிடைத்தது 2001-இல்தான். ஒரே குறை, நிகழ்ச்சியின் நடுவில் வந்த 'டாமி'யைத் தனியாக இரண்டாவது டிஸ்க்கில் ஒதுக்கிவிட்டார்கள். முதல் டிஸ்க்கை 'எ குயிக் ஒன்' வரை கேளுங்கள். பிறகு இரண்டாவது டிஸ்க் முழுவதும். அதன் பின் 'சம்மர்டைம் ப்ளூஸ்' தொடங்கி மிச்சம். அன்று அரங்கில் இருந்தவர்கள் கேட்ட வரிசை அதுதான். அவ்வளவு நீளமான 'டாமி' முடிந்த கையோடு 'சம்மர்டைம் ப்ளூஸ்' இறங்கும்போது அது வேறு பாட்டாகவே ஒலிக்கும்.

'யங் மேன் ப்ளூஸ்' மட்டும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். எல்லோரும் சட்டென்று நிறுத்த, டால்ட்ரியின் குரல் மட்டும் தனியே நிற்கும். அடுத்த நொடி டவுன்ஷெண்டின் கிட்டாரும் என்ட்விசிலின் பேஸும் மூனின் டிரம்ஸும் ஒன்றாக வந்து மோதும். ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். வேறு வாத்தியமே கிடையாது என்பதை எத்தனை முறை கேட்டாலும் நம்ப முடியவில்லை. ராக்கில் இதற்கு மேல் ஒரு லைவ் பதிவு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

கேள்வி: 2010-இல் வந்த 'லைவ் அட் லீட்ஸ்' பெரிய பெட்டித் தொகுப்பும் வேண்டுமா?

பதில்: 2001 பதிப்பு கையில் இருந்தால் வேண்டாம். அந்தப் பெட்டியில் உள்ள பெரிய புதுச்சரக்கு, மறுநாள் ஹல் நகரில் நடந்த கச்சேரி. அதன் முதல் சில பாடல்களில் பேஸ் பதிவாகவில்லை. லீட்ஸில் என்ட்விசில் வாசித்ததை எடுத்து அங்கே பொருத்தியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் கேட்க வேண்டிய கச்சேரிதான். 2012-இல் 'லைவ் அட் ஹல்' என்று தனியாகவே வந்துவிட்டது, அதை மட்டும் வாங்கினால் போதும்.