மாடுகளின் நரம்பு நோய்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெறிநோய் என்று ஐயப்படும் பசுவுக்கு, அது உயிருடன் இருக்கும்போதே ரத்தச் சோதனையால் நோயை உறுதிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. இறந்த பின் மூளைத் திசுவில் செய்யும் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனையே நம்பத்தக்கது. அதுவரை வாயில் வெறுங்கையை விடாதீர்கள். தண்டுவட நீர் எடுக்கவும் முயலாதீர்கள்.

கேள்வி: கன்று ஈன்ற மறுநாள் படுத்துவிட்ட பசுவின் ரத்தத்தில் கால்சியமும் மெக்னீசியமும் அநேகமாக இல்லை என்று அறிக்கை வந்தது. பசுவோ இப்போது நன்றாகத் தீவனம் எடுக்கிறது. எந்தக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள் என்று நினைவில்லை.

பதில்: நினைவில் இருக்க வேண்டியதே அதுதான். ஊதா மூடிக் குழாயில் உள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. மெக்னீசியத்தையும் அது விடுவதில்லை. ஆகவே அந்தக் குழாயில் எடுத்த ரத்தத்தில் இவ்விரண்டையும் அளந்தால், நலமான பசுவுக்கும் உயிர் தாங்காத அளவே வரும். அதே அறிக்கையில் பொட்டாசியம் தாறுமாறாக உயர்ந்திருந்தால் பிழை குழாயில்தான் என்று கொள்ளலாம். இதற்கு நேரெதிரான பிழையும் ஊர்தோறும் நடக்கிறது: கால்சியம் பாட்டிலை ஏற்றி முடித்த பிறகு ரத்தம் எடுத்து, அளவு சரியாக இருக்கிறது, பால் காய்ச்சல் (ஈன்ற பசுவுக்கு வரும் கால்சியக் குறைவு) இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். மருந்தைத் தாமதப்படுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊசி செருகிய அதே சிரையிலிருந்து முதலில் 10 மில்லி ரத்தம் எடுத்து, எதுவும் சேர்க்காத குழாயில் விட ஒரு நிமிடம் போதும். மாதிரி முதலில், மருந்து பிறகு.

கேள்வி: பழைய பேட்டரிகள் கிடந்த இடத்தில் மேய்ந்த கன்றுக்குப் பார்வை போய்விட்டது, பல்லைக் கடிக்கிறது. சீரத்தில் ஈயம் பார்க்கலாமா?

பதில்: சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், பயன்படாது. ரத்தத்தில் உள்ள ஈயத்தில் 90 சதவீதம் சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. முழு ரத்தம் அனுப்புங்கள், இதற்கு ஊதா மூடிக் குழாய் பொருத்தமானதே. தயமின் (வைட்டமின் பி1) குறைபாடும் இதே தோற்றம் காட்டுவதால், மாதிரி எடுத்தவுடன் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தயமின் போடச் சொல்லுங்கள். வெறிநோய் ஐயம் தீரும்வரை இந்தக் கன்றின் வாயிலும் வெறுங்கை கூடாது.

கேள்வி: வலிப்பு வந்து இறந்த பசுவில் மெக்னீசியக் குறைவை அறிய முடியுமா?

பதில்: ரத்தத்தில் முடியாது. கண்ணுக்குள் உள்ள கூழ்மத்தில் பார்க்கலாம். நம் வெயிலில் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மனிதர்களுக்குச் செய்யும் நியூரோஃபிலமென்ட் (நரம்பிழைப் புரதம்) சோதனையை மாடுகளுக்கும் செய்யலாமா?

பதில்: நரம்பிழை சிதைகிறது என்பதை அது காட்டும், எதனால் என்று காட்டாது. மாடுகளுக்கென ஏற்கப்பட்ட எல்லை அளவும் இல்லை. அந்தப் பணத்தில் கீட்டோன் அளக்கும் கைக்கருவி வாங்குங்கள்: ஈன்ற சில வாரங்களில் சுவரை நக்கி, தள்ளாடும் பசுவின் ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 3 மில்லிமோலைத் தாண்டினால் நரம்புக் கீட்டோசிஸ் (கீட்டோன் மிகுந்து நரம்பைத் தாக்கும் நோய்) என்று சிகிச்சையைத் தொடங்கலாம், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அளந்திருந்தால்.