பிக்கப் சீட் ஹீட்டர் ரிப்பேர்: மூணாறு, குமுளி பக்கத்து ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பதில்

மார்கழி பிறந்தால் வட்டவடை, காந்தலூர், சின்னக்கானல் பக்கம் விடியற்காலை லோடு எடுக்கிற பிக்கப்காரர்களிடமிருந்து சீட் ஹீட்டர் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் வெளியில் வாங்கி சீட் கவருக்குள் போட்ட 12 வோல்ட் கார்பன் பேடுகள்தான். கீழே உள்ள பதில்கள் அவற்றுக்கானவை. கம்பெனியிலேயே பொருத்தி வந்த ஹீட்டருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு மல்டிமீட்டரும் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்பும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மூணாறு, பொலேரோ பிக்கப்): அண்ணே, டிரைவர் சீட்டில் ஸ்விட்ச் லைட் எரியுது, ஆனா சூடே வரல. பக்கத்து சீட் நல்லா சூடாகுது. கடையில பேடு போச்சு, செட்டோட மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள் தம்பி. ஸ்விட்சில் லைட் எரிவது ஸ்விட்சுக்குக் கரண்ட் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பேடுக்குள் கரண்ட் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

பக்கத்து சீட் வேலை செய்வதால் மெயின் பியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்ச்), பேட்டரி வயர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. சீட்டுக்கு அடியில் இரண்டு கப்ளர்களையும் (வயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் பிளக்) கழற்றி, டிரைவர் பேடை பக்கத்து சீட்டின் வயரில் மாட்டிப் பாருங்கள். சூடு வந்தால் பேடில் குறையில்லை, டிரைவர் சீட்டின் ஸ்விட்ச் அல்லது வயர்தான் காரணம். வராவிட்டால் கோளாறு பேடில்.

அடுத்து மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, காட்டுகிற 0.3, 0.4 ஓமைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துவிடுங்கள். ஒரு பேடு 25 வாட் என்றால் 12 வோல்ட்டுக்கு அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 5.8 ஓம். உட்காரும் பேடும் முதுகுப் பேடும் பேரலலாக (இரண்டுக்கும் தனித்தனியே கரண்ட் போகும்படி) இருந்தால் இரண்டும் சேர்ந்து 2.9 ஓம் காட்டும். 5.8 காட்டினால் இரண்டில் ஒன்று அறுந்திருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் பொது வயரோ, சூடு ஏறினால் கரண்டை வெட்டுகிற தெர்மோஸ்டாட்டோ அறுந்து கிடக்கிறது. உங்கள் பேடின் வாட் வேறாக இருந்தால் 144ஐ அந்த வாட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வயர் பேடுக்குள் நுழைகிற இடத்தில் துணிக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் தெர்மோஸ்டாட். பேடு குளிர்ந்திருக்கும்போது அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில் பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தெர்மோஸ்டாட் செத்துவிட்டது. அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும் டிகிரியைப் பார்த்து அதே அளவில் வாங்கிப் போடுங்கள். இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிட்டால் சூடு வரத்தான் செய்யும். ஆனால் அதை நிறுத்த ஆளில்லை, கீழே இருப்பது ஃபோம். எந்தக் கடைக்காரர் "டைரக்ட் பண்ணிடலாம்" என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி (பூப்பாறை): ஹையில் போட்டா முதுகு மட்டும் சூடு. லோவில் போட்டா ரெண்டுமே இல்ல. ஸ்விட்ச் கோளாறா?

பதில்: ஸ்விட்ச் அல்ல, உட்காரும் பேடு அறுந்திருக்கிறது. பல கிட்டுகளில் ஹையில் இரண்டு பேடும் பேரலலாக ஓடும், லோவில் ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில் ஓடும். சீரிஸில் ஒன்று அறுந்தால் இரண்டும் போய்விடும். பேரலலில் நல்லது மட்டும் வேலை செய்யும். நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே இதற்குப் பொருந்துகிறது. உட்காரும் பேடை மட்டும் தனியே அளந்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி (வட்டவடை): பத்து நிமிஷம் சூடாகுது, அப்புறம் நின்னுடுது, திரும்ப வருது. இது ரிப்பேரா?

பதில்: ஒரே கால இடைவெளியில் நின்று நின்று வந்தால் ரிப்பேர் இல்லை, தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதோ, நீங்கள் உடம்பைத் திருப்பும்போதோ போய்ப் போய் வந்தால் கப்ளர் தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் உள்ளே அறுந்து தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பேடை இணைப்பில் வைத்துக்கொண்டே, கப்ளரின் பின்பக்கம் பேடுக்குப் போகும் பாசிட்டிவ் பின்னில் டெஸ்ட் லாம்பைக் கொடுத்து, மறுமுனையை பாடி எர்த்தில் பிடித்து, ஸ்விட்சிலிருந்து வருகிற வயரை விரலால் அசைத்தபடியே பின்தொடருங்கள். லாம்ப் சிமிட்டுகிற இடம்தான் குறை. சப்ளை ஓடும்போது மீட்டரை ஓம் நிலையில் வைக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

கேள்வி (கம்பம்மெட்டு, ஏலக்காய் லோடு): சீட்டை முன்னாடி தள்ளினா 15 ஆம்ப் பியூஸ் போயிடுது. 30 போட்டா நிக்குமா?

பதில்: 30 போட்டால் பியூஸ் நிற்கும், வயர் எரியும். பியூஸ் இருப்பது பேடைக் காக்க அல்ல, வயரைக் காக்க.

சீட் நகரும்போது மட்டும் போகிறது என்பதே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஹார்னஸ் (வயர்க்கட்டு) சீட் ரெயிலுக்கும் நகரும் கட்டைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, டார்ச் அடித்துப் பாருங்கள். இன்சுலேஷன் வழித்து, செம்பு பளிச்சென்று தெரியும். பக்கத்தில் ரெயிலில் ஒரு சின்னக் கரும்புள்ளியும் இருக்கும். அந்த இடத்தை வெட்டி, செம்பு ஸ்லீவ் வைத்து கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் அடுத்த மழைக்குப் பிசின் விட்டுவிடும்.

பிறகு வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, சீட்டோடு நகரும் ஃபிரேமில் டை போட்டுக் கட்டுங்கள். தரையில் கட்டக்கூடாது. சீட் முழுத் தூரம் போய்வந்தாலும் இழுபடாத அளவு, ஒரு சாண் தளர்வு விடுங்கள்.

வயர் கனத்தையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டில் இரண்டு சீட்டும் சேர்ந்து 10 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். போகவர 6 மீட்டர் என்றால் 1.5 சதுர மி.மீ. வயரில் முக்கால் வோல்ட்தான் குறையும். மெலிந்த 0.5 வயரில் 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். "சூடு மந்தமா இருக்கு" என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

கேள்வி (குமுளி): காலையில பேட்டரி டவுன். ஸ்விட்சை அணைக்க மறந்துட்டேன்.

பதில்: மறதியைக் குறை சொல்ல வேண்டாம், வயரிங் தப்பு. நேராகப் பேட்டரியில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு சீட்டும் 8 ஆம்ப் இழுத்தால் எட்டு மணி நேரத்தில் 64 ஆம்பியர்-ஹவர். நடுநடுவே தெர்மோஸ்டாட் வெட்டினாலும் 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரி விடியும்போது இன்ஜினைச் சுற்றாது.

நான்கு கால் ரிலே ஒன்று போடுங்கள். 30 என்று எழுதிய காலுக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் பியூஸ் வழியாக வயர். அந்த பியூஸ் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். 87இலிருந்து ஸ்விட்சுகளுக்கு. 85 பாடி எர்த். 86க்கு இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு வயர். இனி சாவியை எடுத்தால் ஹீட்டரும் நின்றுவிடும்.

கேள்வி (மறையூர்): மழை சீசன் முழுக்க போடல. இப்ப போட்டா வேலை செய்யல. பியூஸ் நல்லாத்தான் இருக்கு.

பதில்: கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். நனைந்த காலும் ஈரச் சாக்கும் ஏறி இறங்குகிற வண்டியில் தரை விரிப்பு மாதக்கணக்கில் காயாது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். பின் கறுத்து இளகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, கப்ளரையே மாற்ற வேண்டும். எர்த் லக்கை (எர்த் வயரின் முனை வளையம்) கழற்றி அடியில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். கப்ளரைத் தரையில் கிடக்கவிடாமல் சீட் ஃபிரேமுக்கு மேல் தூக்கிக் கட்டினால் அடுத்த ஆடி மாதம் இந்த வேலை இருக்காது.

கேள்வி (சின்னக்கானல்): சீட் கவரில் எட்டணா அளவுக்கு பழுப்பு வட்டம். கருகின வாசனை. அந்த இடத்தை மட்டும் ஒட்டு போடலாமா?

பதில்: வேண்டாம். இன்றே பியூஸைப் பிடுங்கிவிடுங்கள், அந்தப் பேடை மறுபடி போடவே கூடாது. கார்பன் நார் மடிந்தால் சில இழைகள் அறுந்து, மிச்ச இழைகளில் கரண்ட் குவிந்து அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். தெர்மோஸ்டாட் வேறு இடத்தில் இருப்பதால் அதற்கு இது தெரியாது. கார்பன் ஈயப்பற்றும் ஏற்காது. ஒட்டுப் போட்ட இடமே அடுத்த கொதிப்புப் புள்ளியாகும்.

மடிந்ததற்குக் காரணம் தேடுங்கள். தார்ப்பாய் கயிறு கட்ட சீட்டின் மேல் முழங்கால் ஊன்றி ஏறுவதுதான் முக்கியக் காரணம். மற்றது, கவரை இழுத்துக் கட்டுகிற பள்ளத்தின் மேல் பேடை அப்படியே விரித்துவிடுவது. புதுப் பேடு போடும்போது குஷன் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய கிளிப்புகளை வெட்டி எடுத்து, ஃபோமைத் துடைத்து, கருகின ஃபோமை வெட்டி நீக்கி அந்த இடத்தை நிரப்பி, பேடைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். பள்ளம் குறுக்கே வந்தால் தயாரிப்பாளர் வெட்டலாம் என்று குறித்த இடத்தில் மட்டும் வெட்டலாம். இரண்டு ஓரத்திலும் ஓடுகிற செம்புப் பட்டையில் கத்தி படவே கூடாது. கவர் மூடுவதற்கு முன்பே கரண்ட் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்கும் ஒரே சூடு இருக்க வேண்டும். திட்டுத் திட்டாகச் சுட்டால் பேடைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (போடி, டபுள் கேபின் வண்டி): கம்பெனி ஹீட்டர். போட்டதும் லைட் சிமிட்டி அணையுது. நானே சீட்டைக் கழற்றலாமா?

பதில்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று தைத்திருந்தால் அவசரப்படாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடமாவது காத்திருந்து, அதன் பிறகே சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கப்ளரைத் தொடுங்கள். அதில் மீட்டர் வைத்து அளக்கவே கூடாது. கப்ளர் கழன்ற நிலையில் இக்னிஷனும் போடாதீர்கள், ஏர்பேக் எச்சரிக்கை லைட் எரிய ஆரம்பித்துவிடும்.

இந்த வகையில் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப ஓம் மாறுகிற சென்சார்) இருக்கும். அது சொல்கிற சூட்டைப் பார்த்துக் கன்ட்ரோல் யூனிட் கரண்ட் விடும். தெர்மிஸ்டர் அறுந்தால் யூனிட் பயந்து ஹீட்டரை நிறுத்திவிடும், லைட் இப்படிச் சிமிட்டுவது அதனால் இருக்கலாம். அதன் இரண்டு வயரில் ஓம் பார்த்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். எண் சீராக இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ குதித்தாலோ அதுதான் குறை. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்ததை அறிகிற சென்சார் இருக்குமானால், அதன் மேல் வெளிப் பேடு எதுவும் போடாதீர்கள்.

கேள்வி (குமுளி): 24 வோல்ட் லாரியில் இதே பேடு போடலாமா?

பதில்: கூடாது. வோல்ட் இரட்டித்தால் வாட் நாலு மடங்கு, 25 வாட் பேடு 100 வாட் ஆகிவிடும். 24 வோல்ட் என்று எழுதியதையே வாங்குங்கள்.

கேள்வி (தேவிகுளம்): டாடா ஏஸ்ல போடணும்.

பதில்: இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிற வண்டி அது, அங்கே வயர் இழுத்தால் சூட்டில் உருகும். முதுகுப் பேடு மட்டும் போடுங்கள், வயரை டேஷ்போர்டு பக்கமிருந்து கொண்டுவாருங்கள்.

கேள்வி (மூணாறு, ஒரு எஸ்டேட்டிலிருந்து): அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு பத்து வருஷமா சர்க்கரை. கால்ல உணர்ச்சி குறைவு. தினமும் போடிமெட்டு வழியா தேனி போய் வர்றார். ஹீட்டர் போட்டுக்கிட்டே ஓட்டலாமா?

பதில்: தங்கச்சி, கேட்டது நல்லதாகப் போயிற்று. தோலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு அதிகமாவது தெரியாது. பெரிய சூடு தேவையில்லை, இளஞ்சூடு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டாலே தோல் வெந்து கொப்புளம் வரும். சர்க்கரை இருப்பதால் அந்தப் புண் ஆறவும் நாளாகும். உட்காரும் பேடின் கப்ளரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றிய முனையில் டேப் சுற்ற வேண்டும். முதுகிலும் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, முதுகுப் பேடை மட்டும் கிளம்பும்போது ஐந்து பத்து நிமிடம் போட்டு அணைத்துவிடலாம். லோவில் சூடு வராவிட்டால் பயப்படாதீர்கள், சில கிட்டில் ஒன்றைக் கழற்றினால் லோ வேலை செய்யாது. தொடையின் பின்பக்கம் வலை போலச் சிவந்த கோடுகள் இருக்கிறதா என்று வீட்டில் பாருங்கள். இருந்தால் ஹீட்டரை மொத்தமாக நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். குளிருக்குக் கம்பளி போதும்.