கைவினைப் பொருள் விற்கும் சிறிய ஆன்லைன் கடைக்கு மார்க்கெட்டிங் திட்டம் போடுவது எப்படி?

குரோஷே பைகளைத் தனியாளாகப் பின்னி ஆன்லைனில் விற்கிறீர்கள். தினமும் இன்ஸ்டாகிராமில் ஏதாவது போடுகிறீர்கள், லைக் விழுகிறது, ஆர்டர் விழவில்லை, திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தளம், எத்தனை பதிவு என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். ஒரு மாதத்தில் உங்கள் கையால் எத்தனை பை முடியும் என்று முதலில் எண்ணுங்கள். கைவினைக் கடையில் முதலில் தீர்ந்துபோகிற சரக்கு உங்கள் நேரம்தான், நூல் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். திட்டம் அந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு பை பின்ன மூன்றரை மணி நேரம். உள்துணி வைத்து ஜிப் தைக்க அரை மணி. பார்சல் கட்டி, முகவரி ஒட்டி, வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் போட இன்னொரு அரை மணி. ஆக நாலரை மணி. மாதம் 80 மணி நேரம் கடைக்கு ஒதுக்க முடிகிறது என்றால், அதில் கால் பங்கான 20 மணியை மார்க்கெட்டிங்குக்கு எடுத்து வையுங்கள். மீதி 60 மணியில் 13 பை முடியும். உங்களுக்கு வேண்டியது மாதம் 13 ஆர்டர், அவ்வளவுதான்.

கடைப்பக்கத்துக்கு வரும் 100 பேரில் ஒருவர் வாங்குவார் என்று ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு கைக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். 13 ஆர்டருக்கு 1,300 பேர் வர வேண்டும், நாளுக்குச் சுமார் 43 பேர். அதே பக்கத்தைச் சரிசெய்து 100-க்கு இரண்டு பேர் வாங்கும்படி செய்தால் 650 பேரே போதும். ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் சேர்க்க ஓடுவதைவிட, வருகிறவர் வாங்காமல் திரும்பிப் போவதைக் குறைப்பது பாதி உழைப்பில் முடியும்.

அடுத்து விலை. மார்க்கெட்டிங்குக்கு என்று விலைக்குள்ளேயே ஒரு பங்கு ஒதுக்கவில்லை என்றால், அந்தச் செலவு உங்கள் கூலியிலிருந்துதான் போகும். விலையை 100 பங்காகப் பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு: நூல், உள்துணி, ஜிப் 20, கைக்கூலி 40, தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் 10, அட்டைப்பெட்டி, டேப் 5, மார்க்கெட்டிங் 10, மீதி 15 லாபம். இப்போது "20% தள்ளுபடி" என்று போடுகிறீர்கள். கைக்கு வருவது 80. கமிஷன் 8 ஆகக் குறையும், மற்றது எதுவும் குறையாது. பொருள் 20, கூலி 40, கமிஷன் 8, பெட்டி 5 போக மிச்சம் 7. மார்க்கெட்டிங் 10-ஐக் கழித்தால் 3 நஷ்டம். பெரிய கடைகள் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடத் தள்ளுபடி போடுகின்றன. மாதம் 13 பை செய்கிறவரிடம் தேங்கவே சரக்கு இல்லை. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், மீந்த நூலில் ஒரு சின்ன நாணயப் பை பின்னிச் சேர்த்து அனுப்புங்கள். விலை இறங்காது.

விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. ஓர் ஆர்டருக்கு 10 பங்கு செலவழிக்கலாம், 100 பேர் வந்தால் ஓர் ஆர்டர். அப்படியானால் ஒரு கிளிக்குக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 0.1 பங்கு, அதாவது பையின் விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த விலைக்குக் கிளிக் கிடைக்கிறதா என்று விளம்பரப் பக்கத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர முறை, யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று கற்றுக்கொள்ள ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 விற்பனை எதிர்பார்க்கிறது. மாதத்துக்கே 13 பை விற்கிற கடை அந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாது. ஆகவே முதல் ஆறு மாதத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, லைக் வந்தும் ஆர்டர் வராதது ஏன்? பெரும்பாலும் நீங்கள் போடுவது பின்னுகிற வீடியோவாக இருக்கும். ஊசி உள்ளே போய் வெளியே வருவதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கும். ஆனால் அதை ரசித்துப் பார்த்து, சேமித்து, பகிர்கிறவர்களில் பெரும்பாலோர் தாங்களும் பின்னுகிறவர்கள். "பேட்டர்ன் (பின்னும் முறைக் குறிப்பு) கிடைக்குமா?", "எந்த நூல், ஊசி எத்தனை மில்லிமீட்டர்?" என்று கமெண்ட் வந்தால், உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது சக கலைஞர்கள் கூட்டம் என்று அர்த்தம். அவர்கள் நல்ல நண்பர்கள், ஆனால் பை வாங்க மாட்டார்கள். வாங்குகிறவர் கேட்பது வேறு: "லேப்டாப் உள்ளே போகுமா?", "துவைத்தால் சுருங்குமா?", "பட்டை தோளில் நிற்குமா?" இந்தக் கேள்விகளுக்குக் காட்சியாகப் பதில் சொல்லும் பதிவுகளைப் போடுங்கள். பைக்குள் ஒவ்வொன்றாகப் பொருளை அடுக்குவது, தண்ணீர் பாட்டில், குடை, புத்தகம் வைத்துத் தூக்கினால் எவ்வளவு தொய்கிறது என்பது, மூன்று முறை துவைத்த பையையும் புதுப் பையையும் பக்கத்தில் வைப்பது. லைக் குறையும். பதறாதீர்கள். கடைப்பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள். பின்னும் வீடியோவை அடியோடு விட வேண்டாம், நாலு பதிவுக்கு ஒன்று போதும். இது கைவேலைதான் என்ற நம்பிக்கையை அதுதான் தருகிறது. பேட்டர்ன் கேட்பவர்கள் ஏராளம் என்றால் அதை எழுதி விற்பதையும் யோசிக்கலாம். ஒரு முறை எழுதினால் போதும், ஒவ்வொரு விற்பனைக்கும் உங்கள் பின்னும் நேரம் செலவாகாத ஒரே சரக்கு அது.

பொருள் பக்கம்தான் உங்கள் விற்பனையாளர் என்பதால் படங்களில் அவசரம் கூடாது. ஒரு பைக்கு ஏழு படம் எடுங்கள். முதல் படம் வெறும் பின்னணியில் பை மட்டும். இரண்டாவது, ஒருவர் தோளில். மூன்றாவது, வாய் திறந்து உள்ளே பொருள்களோடு. நான்காவது, பட்டை உடலோடு சேரும் இடம், மிக அருகில். கைவேலைப் பை கிழிந்தால் அங்கேதான் கிழியும் என்று வாங்குகிறவருக்கு உள்ளூரத் தெரியும். அங்கே இரட்டைத் தையல் போட்டிருந்தால் அந்த ஒரு படம் பத்து வரி விளக்கத்துக்குச் சமம். ஐந்தாவது, அளவு நாடாவோடு. ஆறாவது, உள்துணியும் ஜிப்பும். ஏழாவது, வீட்டுக்கு வந்து சேரும்போது பார்சல் எப்படி இருக்கும் என்பது.

படம் எடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு வெளிச்சத்தைக் கலப்பது. ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மேலே மஞ்சள் பல்ப் எரிந்தால் சந்தன நிற நூல் ஒரு பாதி மஞ்சளாகவும் மறு பாதி நீலமாகவும் விழும். ஒரே நிறத் திருத்தத்தால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று ரிட்டர்ன் வருவது இப்படித்தான். விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பையை வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் மெலியும். முதல் கிளிக்கில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுத்து, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைத் திருத்தி, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் போடுங்கள்.

தலைப்பில் "அழகிய கைவினைப் படைப்பு" என்று எழுதாதீர்கள். யாரும் அப்படித் தேடுவதில்லை. "பருத்தி நூல் குரோஷே தோள் பை, ஜிப் உண்டு, 13 அங்குல லேப்டாப்புக்கு" என்பது தேடுகிறவரின் வார்த்தை. கைவினைப் பொருள்களுக்கான ஆன்லைன் சந்தையான எட்ஸியில் தலைப்புக்கு 140 எழுத்து இடம் உண்டு, ஆனால் ஃபோன் திரையில் முன்பகுதி மட்டுமே தெரியும். அதனால் பொருளின் பெயர் முன்னால் வரட்டும். அங்கே டேக், அதாவது தேடலுக்கான குறிச்சொல், 13 போடலாம், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். "குரோஷே பை" என்பதையே முன்னும் பின்னுமாக மாற்றி 13 இடத்தையும் நிரப்புவது வீண். பொருள், பயன்பாடு, நிறம், யாருக்குப் பரிசு, எந்தத் தருணம் என்று பிரித்துப் போடுங்கள். சொந்தத் தளம் என்றால் கூகுளின் சர்ச் கன்சோலை இணைத்துவிடுங்கள். என்ன தேடி உங்களிடம் வந்தார்கள் என்று இலவசமாகக் காட்டும். கடைகள் தங்கள் பொருள்களைக் கூகுளில் பதிவுசெய்யும் மெர்ச்சன்ட் சென்டரில் உங்கள் பொருள்களைச் சேர்த்தால், காசு கட்டாமலே ஷாப்பிங் பகுதியிலும் தெரிய வாய்ப்புண்டு. படங்களைத் தேடிச் சேமிக்கும் தளமான பின்டிரெஸ்டையும் விடாதீர்கள். அங்கே 2:3 அளவில் நீளவாக்கில் போட்ட படம் மாதக்கணக்கில் தேடலில் வந்துகொண்டே இருக்கும். இன்ஸ்டாகிராம் பதிவு சில நாளில் அடங்கிவிடும்.

இத்தனையிலும் உங்களுக்கே சொந்தமானது ஒன்றுதான்: வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியல். அனுமதி கேட்டு, முதல் ஆர்டரிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். பார்சலில் ஒரு சிறு அட்டை வையுங்கள். முன்பக்கம் எப்படித் துவைப்பது, எப்படிக் காயவைப்பது. பின்பக்கம், புதிய பை வந்தால் முதலில் தெரிந்துகொள்ள இங்கே பதிவுசெய்யுங்கள் என்ற ஒரு வரியும் கியூஆர் குறியும். துவைக்கும் முறை இருப்பதால் அட்டையைத் தூக்கிப்போட மாட்டார்கள். மாதம் இரண்டு மின்னஞ்சல் கடிதம் போதும்.

இலவச ஜிமெயில் முகவரியை வைத்து மெயிலிங் சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால் ஸ்பேமில்தான் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் யார் என்ற சரிபார்ப்பைக் கடுமையாக்கியிருக்கின்றன. சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் செய்துகொள்ளுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காத கடிதத்தையும் திறந்ததாகக் காட்டிவிடும். கிளிக்கை மட்டும் எண்ணுங்கள்.

விமர்சனம் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பார்சல் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, "பட்டை நீளம் உங்கள் தோளுக்குச் சரியாக இருந்ததா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். "கருத்துச் சொல்லுங்கள்" என்றால் "சூப்பர்" என்று ஒரு சொல் வரும். குறிப்பாகக் கேட்டால் அடுத்தவருக்குப் பயன்படும் பதில் வரும். அதை அப்படியே பொருள் விளக்கத்தில் சேர்க்கலாம்.

வாரத்துக்குக் கிடைக்கும் 5 மணியை இப்படிப் பிரிக்கலாம்: படம் 1 மணி, பொருள் பக்கம் எழுதுவதும் திருத்துவதும் 1 மணி, இரண்டு பதிவுகளுக்கு ஒன்றரை மணி, கடிதம் அரை மணி, கமெண்டுக்குப் பதில் அரை மணி, கணக்குப் பார்க்க அரை மணி. தினமும் பதிவு போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது உங்கள் பின்னும் நேரத்தைத் தின்கிறது. இலவசமாகக் கொடுக்கும் போட்டிகளும் வேண்டாம். இலவசத்துக்காக வந்தவர் விலைக்கு வாங்குவது அரிது.

பரிசு கொடுக்கும் பருவத்துக்குப் பின்னிருந்து முன்னாக நாள் குறியுங்கள். பொருள் கைக்குச் சேர வேண்டிய நாளிலிருந்து கூரியர் 7 நாள், செய்ய 4 நாள், தாமதத்துக்கு 3 நாள் கழித்தால், 14 நாள் முன்பே கடைசி ஆர்டர். பெயர் பின்னித் தரும் பைகளுக்கு அதற்கும் ஒரு வாரம் முன்பே மூடுங்கள். அந்தத் தேதியைக் கடையின் மேலேயே எழுதி வையுங்கள். பத்து வாரம் முன்னால் எந்த மூன்று மாதிரி என்று முடிவாக வேண்டும். எட்டு வாரம் முன்னால் படம் ஏறி, பின்டிரெஸ்டில் போயாக வேண்டும். அன்றிலிருந்து வாரம் ஒரு பையைத் தனியே எடுத்து வைத்தால், நெருக்கடி நேரத்தில் எட்டுப் பை கையிருப்பு. நாலு வாரம் முன்னால் பட்டியலுக்கு முதல் கடிதம்.

கடைசியாக அளப்பது. ஒரு நோட்டு போதும்: வாரம், எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து, எத்தனை ஆர்டர், எத்தனை மணி செலவு. ஒவ்வொரு இடத்திலும் தரும் லிங்க்கின் கடைசியில் தனித்தனி யுடிஎம் குறியை, அதாவது வந்த இடத்தைக் காட்டும் சிறு குறிப்பை, சேர்த்தால் யார் எங்கிருந்து வந்தார் என்று பிரிந்து தெரியும். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 100-க்கு ஒருவர் வாங்கும் கடையில், 100 பேர் வந்தும் ஓர் ஆர்டர்கூட விழாமல் போக 37% வாய்ப்பு உண்டு. அது தோல்வி அல்ல, வெறும் தற்செயல். 300 பேர் வந்தும் ஒன்றும் விழவில்லை என்றால் அந்த வாய்ப்பு 5%-க்கு இறங்கிவிடும். அப்போது பக்கத்தில்தான் கோளாறு. அதுவரை படம், விலை, தலைப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

13 ஆர்டரைத் தாண்டி வரத் தொடங்கினால் இரவு விழித்துப் பின்னி ஈடுகட்ட முயல வேண்டாம். தையல் தளரும், அந்தப் பைக்குத்தான் மோசமான விமர்சனம் வரும். பக்கத்தில் "அடுத்த தொகுப்பு இந்தத் தேதியில்" என்று போட்டு, காத்திருப்போர் பட்டியலில் பெயர் வாங்குங்கள். பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகக் கடையைத் திறந்துவிடுங்கள். இரண்டு தொகுப்பு தொடர்ந்து முதல் நாளிலேயே தீர்ந்தால், மூன்றாவது தொகுப்புக்கு விலையை 10% ஏற்றிப் பாருங்கள்.