வெயில் காலத்தில் உடற்பயிற்சி செய்தால் தலைவலி வருகிறது. தண்ணீர் நிறையக் குடித்தும் போகவில்லை. என்ன செய்வது?

"தண்ணி குடிங்க, சரியாயிடும்" என்பதுதான் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில். நிறையக் குடித்தும் போகவில்லை என்று நீங்களே எழுதிய பிறகும் அதையேதான் சொல்வார்கள். தண்ணீர் குறைந்தாலும் தலை வலிக்கும், அளவுக்கு மீறினாலும் வலிக்கும். தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாமலும் வலிக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு.

மற்றதெல்லாம் பேசும் முன் ஒன்று. நொடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, "வாழ்நாளில் இப்படி வலித்ததில்லை" என்ற மாதிரி வலி, கூடவே பிடரி விறைப்பு, இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் கை கால் பலவீனம், மயக்கம் இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தாலும் உடல் உழைப்பின் நடுவில் இப்படித்தான் தொடங்கும். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக உழைத்தால் வலி, ஓய்வெடுத்தால் போய்விடுகிறது என்றால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். இதய ரத்தக்குழாய் அடைப்பு அரிதாக நெஞ்சுவலி இல்லாமல் தலைவலியாக மட்டும் காட்டும். பயமுறுத்துகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், பரவாயில்லை. இதை எழுதாமல் மற்றதை எழுதுவது தப்பு.

உங்கள் வலி அந்த வகை இல்லை, மணிக்கணக்கில் இருந்து தானாகப் போகிற வகை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். வலி பயிற்சியின் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதே பாதி விடை.

வேகத்தைக் கூட்டிய சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு பக்கமும், நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண் என்று தெறித்தால் அது உழைப்புத் தலைவலி. சர்வதேச தலைவலி வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு: கடும் உழைப்பின்போதோ முடிந்தபிறகோ வரும், 48 மணி நேரத்துக்குள் அடங்கும், வெயிலிலும் மலை உயரத்திலும் அதிகம் வரும். வேறு காரணம் இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயரை வைக்க வேண்டும். எனவே முதல்முறை வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இதற்குத் தண்ணீரை விட வார்ம்-அப்தான் முக்கியம். 15 நிமிடம் நடை, பிறகு மெதுவோட்டம், அதன் பிறகே வேகம். இரண்டு வாரத்துக்கு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். அப்படியும் விடாமல் வருபவர்களுக்கு மருத்துவர்கள் இண்டோமெதாசின் என்ற மாத்திரை தருவதுண்டு. வயிற்றைப் புண்ணாக்கக்கூடியது, கடையில் நீங்களாக வாங்கிப் போடுவதற்கானது இல்லை.

எடை தூக்கும்போது வந்தால் மூச்சைப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கால்களால் பளுவைத் தள்ளியவர்களின் ரத்த அழுத்தத்தைத் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்த 1985 ஆய்வில், அது சராசரியாக 320/250 வரை போனது. தலைக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், நெற்றிப்பொட்டு வலிக்குத் தாடையும் ஒரு காரணம்.

பயிற்சி தொடங்கும் முன்பே லேசாக இருந்து பிறகு ஏறுகிறதா? பெரும்பாலும் வெறும் வயிறு, தூக்கக் குறைவு, அல்லது காபி. தினமும் காலையில் காபி குடிப்பவர் வயிறு கலங்கும் என்று அன்று மட்டும் தவிர்த்தால், கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரும். வெயிலைத் திட்டிப் பயன் இல்லை. பாதிக் கோப்பை குடித்துவிட்டுப் போங்கள்.

புருவத்துக்கு மேலே வளையம் போட்டது போல வலித்தால் தொப்பி, ஹெட்பேண்ட், ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி இவற்றின் இறுக்கம். கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பிடரியில் தொடங்கி மேலே ஏறினால் கழுத்துத் தசை. சைக்கிளில் குனிந்து தலையை நிமிர்த்தியே வைத்திருப்பவர்களுக்கும், ஓடும்போது தோளைக் காதுவரை தூக்கிக்கொள்பவர்களுக்கும் இது அதிகம். கண் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். கண்ணைச் சுருக்கியே ஒரு மணி நேரம் ஓடினால் நெற்றித் தசை வலிக்காமல் என்ன செய்யும்? ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அந்த வெளிச்சமே போதும். முன்விளிம்பு உள்ள, உச்சியில் காற்று போகிற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இவர்களுக்கு அலங்காரப் பொருள் இல்லை.

இனி அசல் வெயில் வலி. 30, 40 நிமிடம் கழித்து மந்தமாக ஆரம்பித்து, நேரம் ஆக ஆகக் கனத்து, நின்றால் தலை சுற்றி, நிழலில் உட்கார்ந்தால் குறைகிற வலி.

தசை செலவழிக்கும் சக்தியில் கால் பங்குதான் வேலையாகிறது, மீதி முக்கால் பங்கும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், அதே நேரத்தில் தசைக்கும் போக வேண்டும். வியர்வையால் ரத்தத்தின் அளவும் குறைந்துகொண்டே வரும்போது இரண்டு பக்கமும் இழுபறி. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு வெளியேறும். ஆவியானால் மட்டும். தரையில் சொட்டிய வியர்வை உங்களைக் குளிர்விக்கவில்லை, உடம்பிலிருந்து நீர் போனதுதான் மிச்சம்.

இதனால்தான் போனில் காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்பக் கூடாது. 1957இல் யாக்லூ, மினார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ராணுவப் பயிற்சிக்காக ஒரு குறியீடு வகுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 சதவீதம், வெயில் படும் கரும்பந்தின் வெப்பநிலைக்கு 20, சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. பத்தில் ஏழு பங்கு புழுக்கத்துக்குத்தான். 36 டிகிரி வறண்ட காற்றில் தாங்குகிற உடம்பு, 31 டிகிரி புழுக்கத்தில் படுத்துவிடும். விடியற்காலையில் ஈரப்பதம் அதிகமாக இருந்தாலும் வெயிலும் தரைச்சூடும் இல்லாததால் அதுவே நல்ல நேரம். மாலை ஐந்து மணிக்குத் தார்ச்சாலையில் கையை வைத்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை ஊகிக்காமல் எடைபோட்டுக் கண்டுபிடியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் வழக்கமான பயிற்சி. நடுவில் குடித்ததை அளந்து குறியுங்கள், கழிவறைக்குப் போகாதீர்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு அதே உடையில், நனைந்திருந்தால் அதே போன்ற காய்ந்த உடையில், மறுபடி பாருங்கள். முன்னால் 70.4 கிலோ, பின்னால் 69.2, நடுவில் குடித்தது அரை லிட்டர் என்றால் வியர்த்தது 1.2 கூட்டல் 0.5, அதாவது மணிக்கு 1.7 லிட்டர். பெரும்பாலோருக்கு இது அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டருக்குள் இருக்கும். ஒரே மாதிரி உடம்புள்ள இரண்டு பேருக்கே இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம், அதனால்தான் "தினம் அஞ்சு லிட்டர்" மாதிரி பொது அளவுகள் உதவாது. 1.7 போனால் 1.7 உள்ளே போக வேண்டும் என்றும் இல்லை, வயிறு அவ்வளவு தாங்காது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். 70 கிலோவுக்கு அது 1.4 கிலோ. நான்கு மணி நேரம் முன்பே கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி, அதாவது 350 முதல் 500 மில்லி குடித்துவைப்பது, கிளம்பும்போது மடமடவென்று ஒரு லிட்டர் ஊற்றிக்கொள்வதை விட எவ்வளவோ மேல். விடிகாலையில் ஓடுபவர்கள் இதை முந்தின இரவிலேயே தொடங்க வேண்டும்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டியது அடுத்தது. வெறும் தண்ணீரை வியர்த்ததற்கும் மேலாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூளைச் செல்கள் நீர் கோத்து வீங்கத் தொடங்கும். தலைவலி, குமட்டல் இரண்டும் நீரிழப்பைப் போலவே இருக்கும், அதனால் இன்னும் குடிப்பார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அடையாளம் எளிது: பயிற்சி முடிந்து எடை கூடியிருக்கிறதா? மோதிரம் விரலில் சிக்குகிறதா? வாட்ச் பட்டை மணிக்கட்டில் பதிகிறதா? அப்படியானால் தண்ணீரை நிறுத்துங்கள், உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள், சிறுநீர் தாராளமாகப் போகும்வரை குடிக்காதீர்கள். வாந்தி, குழப்பமான பேச்சு என்றால் மருத்துவமனை.

ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் அரை கிராம் முதல் இரண்டு கிராம் வரை சோடியம் போகும். காய்ந்த தொப்பியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால், கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தால், நீங்கள் அதிக உப்பு இழப்பவர். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் ஒரு லிட்டரில் கால் தேக்கரண்டி உப்பு, 50 கிராம் சர்க்கரை. சர்க்கரையை இதற்கு மேல் ஏற்றினால், முக்கியமாக 8 சதவீதத்தைத் தாண்டினால், வயிற்றிலேயே தேங்கிக் குமட்டும். ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது வயிற்றுப்போக்குக்காக வகுத்தது, லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். நிறைய வியர்த்து முடித்தபிறகு குடிக்கலாம், தினசரி அரைமணி நடைக்குத் தேவையில்லை. பிபி, சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைத் தொட வேண்டாம். நீர் பிரிக்கும் மாத்திரை, பிபிக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர், சில அலர்ஜி மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு வெயில் தாங்கும் சக்தியே குறையும், அதையும் கேளுங்கள்.

வெயிலுக்கு உடம்பைப் பழக்க 7 முதல் 14 நாள் ஆகும். முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் அவ்வளவே கூட்டுங்கள். முதல் வாரத்திலேயே ரத்த நீர் கூடும், பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். கோடை தொடங்கிய முதல் வாரம் தலைவலி அதிகமாக இருந்து பிறகு குறைகிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு ஆதங்கம். ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, பிளாஸ்டிக் சட்டையை மாட்டிவிட்டு "நல்லா வேர்க்கட்டும், கொழுப்பு கரையும், விஷமெல்லாம் வெளியேறும்" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலை வலித்தால் "விஷம் போகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்ற விளக்கம் வேறு. குறைவது தண்ணீர், அடுத்த வேளை குடித்ததும் திரும்பி வரும். 1997 கடைசியில் அமெரிக்காவில் எடை குறைக்க இப்படிச் சூட்டில் பயிற்சி செய்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் சட்டைக்குத் தடையே வந்தது. கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும்.

நடுவில் வலி தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்காதீர்கள், ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். ஐந்து நிமிடம் நடந்து நிழலுக்குப் போங்கள். இறுக்கமானதைத் தளர்த்துங்கள். தலை, பிடரி, முன்கைகளை நனைத்து விசிறுங்கள். நனைத்தால் மட்டும் போதாது, காற்றும் பட வேண்டும். அதிகம் குடித்து எடை கூடாதவர்கள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 150 மில்லி போலக் குடிக்கலாம். ஐஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் நெற்றியில் இன்னொரு வலி சுரீர் என்று வரும், மெதுவாக. சூட்டு வலி என்றால் அரை மணி, ஒரு மணியில் தணியத் தொடங்கும். ஆள் உளறினால், தள்ளாடினால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்த வேண்டும், தலை நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பாரசிட்டமால் அந்தச் சூட்டைக் குறைக்காது.

சாதாரண வலிக்கு, உடம்பு குளிர்ந்த பிறகு ஒரு பாரசிட்டமால் போடலாம். ஓடும் முன்பே "வராம இருக்கட்டும்" என்று ஐபுபுரோஃபென் போடும் பழக்கம் மோசமானது. நீரிழந்த உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், சோடியம் குறையவும் வழி செய்யும். எந்த வலி மாத்திரையானாலும் மாதத்தில் 15 நாள் என்று மூன்று மாதம் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்துவையுங்கள்: தொடங்கிய நேரம், வலி வந்த நிமிடம், எந்த இடம், முன் எடை, பின் எடை, குடித்த அளவு, காபி குடித்தீர்களா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். பின் எடை கூடிய நாள்களில் மட்டும் வலி இருந்தால் உங்கள் பாட்டிலை ஒரு அளவு சின்னதாக மாற்றுங்கள். எடைக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லாவிட்டால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.