திருவனந்தபுரத்திலிருந்து விமானம்: தூரமும் நேரமும் – கேள்வி பதில்

மார்த்தாண்டம்: அண்ணே, திருவனந்தபுரம்–துபாய் தூரம் ஒரு எடத்துல 2,947, இன்னொண்ணுல 1,831, வேறொண்ணுல 1,591னு போட்டிருக்கு. எது சரி?

மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசி கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; விமானிகள் கணக்கு அதில்தான். பூமி உருண்டைமேல் நூல் பிடித்து அளந்த தூரம் இது. நிஜத்தில் வளைந்து திரும்புவதில் கொஞ்சம் கூடும்.

நேரம் வேண்டுமென்றால் கிலோமீட்டரை 850ஆல் (விமானம் ஒரு மணி நேரத்தில் போகும் கி.மீ.) வகுத்து அரை மணி கூட்டுங்கள். துபாய்க்கு 3 மணி 28 நிமிடம். கூட்டினால் ஏறக்குறைய 4 மணி நேரம். அந்த அரை மணி, ரன்வே வரை ஊர்வதிலும் ஏறி இறங்கும்போது வேகம் குறைவதிலும் போகிறது.

களியக்காவிளை: 10 மணிக்கு கெளம்பி 12.30க்கு துபாய்னு டிக்கெட்ல இருக்கே? வரும்போ மட்டும் அஞ்சரை மணி நேரம் காட்டுது!

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். போகும்போது அது கழியும், வரும்போது கூடும். பறக்கும் நேரம் திரும்பும்போது சற்றுக் குறையவே செய்யும், குளிர்காலத்தில் நன்றாகவே தெரியும். அப்போது வளைகுடாப் பக்கம் மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக அடிக்கும். எதிர்க்காற்று 100 கி.மீ. என்றால் 850 என்பது 750 ஆகிவிடும். வழி முழுக்க அப்படி அடித்தால் 28 நிமிடம் தாமதம். நம் பக்கம் அந்தக் காற்று பலமில்லை, அதனால் அவ்வளவு ஆகாது.

குலசேகரம்: சிங்கப்பூர் இதவிட ரொம்ப தூரமா?

இல்லை, சுமார் 3,100 கி.மீ.தான். அது இரண்டரை மணி முன்னால் இருப்பதால், 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே மாலை 4.40 ஆகியிருக்கும்.

செங்கோட்டை: லண்டனுக்கு துபாய் வழியா போனா சுத்துதானே?

தூரத்தில் சுற்றே இல்லை. நேராக அளந்தால் சுமார் 8,400 கி.மீ.; துபாய் வழியாக 2,947ம் 5,497ம் சேர்ந்து 8,444. துபாய் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறது. தட்டைப் படத்தில் பார்ப்பதால்தான் சுற்றாகத் தெரிகிறது. நேரத்தைத் தின்பது காத்திருப்பு. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட் காசு பெரும்பாலும் போனதுதான்.

நாகர்கோவில்: 15ஆம் தேதி 04.00 மணி விமானம். எப்ப வண்டி எடுக்கணும்?

14ஆம் தேதி ராத்திரி 10.30க்கு. நிறைய பேர் தவறுவது இங்கேதான், 15 ராத்திரி போய் நிற்பார்கள். கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே அடைத்துவிடும். 1 மணிக்கு அங்கே இருங்கள். வெளிநாட்டு விமானம் சாக்கைப் பக்க முனையத்தில். டிரைவர் சங்குமுகத்தில் இறக்கிவிட்டால் அது உள்நாட்டு முனையம். நடுவில் ரன்வே, சுற்றித்தான் வரவேண்டும்.

மாலை விமானம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாட்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்; மாலையில் சுமார் 5 மணி நேரம் ரன்வே மூடியிருக்கும். விமான நேரங்களை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். டிக்கெட் எடுத்தபோது கொடுத்த போன் நம்பருக்கு வரும் மெசேஜைப் பாருங்கள்; ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்திருந்தால் அவரிடம் கேளுங்கள்.