கண்ணுக்குத் தெரியாத குள்ளன்

கேள்வி: பழைய அமெரிக்க காமிக்ஸில் லெப்ரெகான் எனும் அயர்லாந்துக் குள்ளர்கள் வருவார்களாமே, எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், 'பார்னபி'. 1942 ஏப்ரலில் நியூயார்க்கின் 'பிஎம்' நாளிதழில் கிராக்கெட் ஜான்சன் தொடங்கிய தொடர். தேவதை அம்மா வேண்டும் என்று சிறுவன் பார்னபி ஆசைப்பட, ஜன்னல் வழியே வந்து சேர்வதோ குட்டிச் சிறகு முளைத்த குள்ளமான, தொப்பைக்கார ஆசாமி ஓமாலி, கையில் மந்திரக்கோலுக்குப் பதில் சுருட்டு! அவருக்குத் தெரிந்தவன்தான் மெக்ஸ்னாய்ட் என்ற லெப்ரெகான். அயர்லாந்துக் கதைகளில் லெப்ரெகான் என்றால் செருப்புத் தைப்பவன், பொற்குடத்தை ஒளித்து வைத்திருப்பவன். இவனோ நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக் கொச்சையில் ஓமாலியை வம்புக்கு இழுப்பவன். கட்டத்தில் ஆளே இருக்காது. வெற்றிடத்திலிருந்து பேச்சுக் குமிழ் மட்டும் கிளம்பும், எங்கே நிற்கிறான் என்று நம் கண் தானாகத் தேடும். ஒரு கோடுகூட இழுக்காமல் ஒரு பாத்திரத்தை உயிரோடு நடமாட விட்டிருக்கிறாரே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேள்வி: அப்படியென்றால் ஸ்மர்ஃப்கள் எனும் நீலக் குள்ளர்கள்?

பதில்: அவர்கள் பெல்ஜியம். 1958 அக்டோபரில் 'ஸ்பிரூ' இதழில், ஓவியர் பேயோ (Peyo) வரைந்த வேறொரு கதையில் துணைப் பாத்திரங்களாகத்தான் தலைகாட்டினார்கள். அப்புறம் தனித் தொடரே வந்துவிட்டது.