அந்த ஒரு ராத்திரி போதும்

கேள்வி: எனக்கு 33 வயது. சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா குழித்தறி நெசவாளி, இப்போது இல்லை. நான் கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நான் பிறந்ததிலிருந்து அப்பா இறந்தது வரை எங்கள் வீட்டுக் கதையை 15 நிமிட அனிமேஷன் குறும்படமாக எடுக்க ஆசை. எனக்கு வரைய வரும், ஆனால் சுமார்தான். வேலையை விட்டுவிட்டு ஏதாவது கோர்ஸ் சேர வேண்டுமா? அப்பா நெய்யும்போது ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டைப் படத்தில் வைக்கலாமா? அம்மாவோ, "கடன்பட்ட கதையெல்லாம் ஊருக்குக் காட்டணுமா?" என்கிறார். நான் இரண்டாவது படிக்கும்போது தறியை விற்றோம். தினமும் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. இதைப் படமாக்க முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். உங்கள் படம் கடிதத்தின் கடைசியில், சத்தம் இல்லாமல் தூக்கம் வராத அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. அந்த ஒரு ராத்திரியை மட்டும் எடுங்கள்.

பிறப்பிலிருந்து இறப்பு வரை என்று போனால், வருஷம் ஓடுவதைக் காட்டுவதிலேயே படம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் வளர்ந்த சஞ்சய் பட்டேல் தன் சின்ன வயதை வைத்து பிக்ஸார் நிறுவனத்தில் இயக்கிய 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' (2015) ஏழு நிமிடப் படம். அப்பா பூஜைக்குக் கூப்பிடுகிறார், பையனுக்கு டிவி கார்ட்டூனை விட்டு வர மனசில்லை. சம்பவம் அவ்வளவுதான். புலம்பெயர்ந்த குடும்பத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே உள்ள தூரம் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது.

இதில் கணக்கும் இருக்கிறது, உங்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது அசையாத 24 படம். வரைந்த ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பது அனிமேஷனில் வழக்கம், அப்படிப் பார்த்தால் விநாடிக்கு 12 படம். 15 நிமிடத்துக்கு 10,800 படம். வேலை முடிந்து வந்து தினமும் 20 வரைந்தாலும் 540 நாள். மூன்று நிமிடம் என்றால் 2,160 படம், அதாவது 108 நாள். தனி ஆளாகத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் இந்த நீளம்தான் காரணம்.

உங்கள் விஷயத்தில் வேலையை இன்னும் குறைக்கலாம். தறி என்பதே திரும்பத் திரும்ப வரும் அசைவு. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகிறது, அடி விழுகிறது, மிதி மாறுகிறது, நாடா திரும்பி வருகிறது. இந்தச் சுற்றை இரண்டு விநாடி என்று வைத்தால் 24 படம். அதை வரைந்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் ஒரே சுற்றை மட்டும் ஓட்டினால் அது விசைத்தறி மாதிரி ஆகிவிடும். கைத்தறியில் மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். இழை அறும், அவர் நிறுத்துவார், குனிந்து முடிச்சுப் போடுவார், மறுபடி தொடங்கும்போது முதல் இரண்டு அடி மெதுவாக விழும். அந்த நிறுத்தத்துக்குத் தனியாக ஒரு 40, 50 படம் வரையுங்கள். உங்கள் அப்பா அங்கேதான் தெரிவார்.

எல்லாவற்றையும் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் முகம் முழுசாகத் தெரியாது. நெசவாளி காலை இறக்கி மிதிக்கும் தறிக் குழிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தால் இரண்டு பாதங்கள் மாறி மாறி மிதிப்பது தெரியும். சுமாராக வரைகிறவர்களுக்கு முகத்தைவிடப் பாதம் எளிது, இந்தக் கதைக்கும் அதுதான் பொருத்தம். இன்னொன்று. தறியை விற்றால் மரமும் அச்சும்தான் வண்டியேறிப் போகும், குழி வீட்டிலேயே இருக்கும். அன்று ராத்திரி அந்தக் குழி எப்படி இருந்தது? மேலே பலகை போட்டிருந்தார்களா, சும்மா திறந்தே கிடந்ததா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அம்மாவைக் கேளுங்கள்.

வரைவதற்கு கிரிட்டா, பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் என்ற மூன்று மென்பொருளுமே இலவசம். ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்ததுதான். வரையவே தயக்கமாக இருந்தால், காகிதத்தை வெட்டி உருவம் செய்து, மேலிருந்து மொபைலை நிறுத்தி ஒவ்வொரு அசைவாகப் படம் எடுக்கலாம். நிஜ நூலையே பாவாக, அதாவது தறியின் நீளவாட்டு இழைகளாகப் பரப்பலாம். ஜன்னலை மட்டும் மூடிவிடுங்கள். வெயில் ஏறி இறங்கினால் படம் மினுங்கும். கேமராவில் ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கோர்ஸுக்காக வேலையை விட வேண்டாம். முதல் படத்துக்கு அது தேவையே இல்லை.

முதலில் செய்ய வேண்டியது வரைவது அல்ல, ஒலி. சென்னிமலையில் இன்றும் கைத்தறி ஓடுகிறது. தெரிந்தவர் வீட்டில் கேட்டுக்கொண்டு, ராத்திரி நேரமாகப் பார்த்து, மொபைலைத் தரையோடு வைத்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் பக்கத்து அறையிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இன்னொரு பதிவு. தறி நின்ற பிறகு அந்த வீட்டில் என்ன கேட்கிறது என்பதையும் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். படத்தில் பாதி அந்த அமைதிதான், அதற்கும் ஒலி வேண்டும். ஒன்றுமே இல்லாமல் விட்டால் பார்க்கிறவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார். பதிவுகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் பென்சில் கிறுக்கல்களை நேரக்கணக்கோடு வையுங்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். மூன்று நிமிடமும் அலுப்பில்லாமல் ஓடுகிறதா என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். சுத்தமாக வரைவதை அதற்குப் பிறகு தொடங்கினால் போதும்.

சினிமாப் பாட்டு வேண்டாம். பாட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. அப்பா முணுமுணுக்கிற மாதிரி வைத்தாலும் மெட்டுக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதி இல்லாத பாட்டோடு போகிற படத்தை விழாக்கள் ஏற்பது கஷ்டம். ரேடியோ ஸ்டேஷன் தேடும்போது வரும் கரகரப்பு போதும். மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் அனிமேஷனுக்கு இடம் உண்டு, அங்கே அனுப்பிப் பாருங்கள். சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தை எடுப்பதில்லை, அதனால் யூடியூபில் போட அவசரப்படாதீர்கள்.

அம்மா விஷயம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. கடன்பட்டு நின்ற அவமானத்தைப் பட்டவர் அவர், நீங்கள் அப்போது குழந்தை. கலைக்காக என்று சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். கடன் எவ்வளவு, யார் கொடுத்தது, யார் வந்து சத்தம் போட்டது என்பதெல்லாம் இந்த மூன்று நிமிடத்துக்குத் தேவையும் இல்லை. பிள்ளைக்கு அது புரிந்திருக்காது, அதனால் படத்துக்கும் தெரியாமல் இருக்கலாம். அனிமேட்டிக் தயாரானதும் வேறு யாரிடமும் காட்டாமல் அவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் நீக்கச் சொல்லும் காட்சியை நீக்கிவிடுங்கள். ஆனால் உங்களுக்குத் தூக்கம் வராத அந்த ராத்திரி உங்களுடையது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அவரும் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன். குழியைப் பற்றி, நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தார் சுற்றியதைப் பற்றி அவர் சொல்லப்போகும் எல்லாமே படத்தில் வரப்போகிறது. டைட்டிலில் அவர் பெயரைப் போடலாமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.